ஒன்பதாம் வெள்ளி

மதலைமுத்துவின் உடம்பும் ஆன்மாவும் ஞானஸ்நானம் வாங்கியவை, நாக்கில் மட்டும் தண்ணீர் படவில்லை என்று லஷ்கர் மொகல்லாவில் ஒரு பேச்சு இருந்தது. கிளப்பிவிட்டவர் கோயில்பிள்ளை மரியராஜ். மணி அடிப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, பீடத் துணிகளை மடித்து வைப்பது போக மிச்ச நேரத்தில் ஊரைக் கேலி செய்வது அவர் பொழுது. ஆனால் இந்தப் பேச்சில் உண்மை இல்லாமல் இல்லை.

மைசூர் நஜர்பாதில் ஓர் இன்ஜினியர் துரையின் பங்களாவில் மதலைமுத்து பட்லராக இருந்தார். பட்லர் என்றால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறவர் என்று நினைக்கக்கூடாது. அடுப்பு மூட்டுவது, மார்க்கெட்டுக்குப் போவது, ரொட்டி சுடுவது, கோழி உரிப்பது, பரிமாறுவது எல்லாம் அவர்தான். துரை விடிவதற்கு முன்னால் எழுந்து தேநீரும் ஓட்ஸ் கஞ்சியும் சாப்பிட்டுவிட்டுக் குதிரை ஏறி வேலை பார்க்கப் போகிறவர். அதனால் மதலைமுத்துவின் நாள் நான்கு மணிக்கே அடுப்படியில் தொடங்கிவிடும். அடுப்படியில் நிற்கிற சமையல்காரனின் கை கரண்டியை எடுக்கும், கரண்டி உள்ளங்கைக்குப் போகும், உள்ளங்கை வாய்க்குப் போகும். இதற்கெல்லாம் அவன் யோசிப்பதில்லை. இருபது வருஷப் பழக்கம், அவனைக் கேட்காமலேயே நடந்து முடிந்துவிடும்.

அங்கேதான் சிக்கல். சேசுவின் திரு இருதயத்துக்குத் தோத்திரமாக, மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பூசை கண்டு, நற்கருணை அப்பமாகிய நன்மை வாங்கி, அதை இடைவிடாமல் ஒன்பது மாதம் செய்து முடிக்கிறவன் தேவதிரவிய அனுமானங்கள் பெறாமல் சாகமாட்டான் என்பது வேத விசுவாசிகளுக்குள் இருந்த பெரிய நம்பிக்கை. கடைசி நேரத்தில் எப்படியும் ஒரு சாமியார் வந்து சேர்வார், பாவசங்கீர்த்தனம் கேட்டு மன்னிப்பார், எண்ணெய் தொட்டு அவஸ்தைப்பூசுதல் கொடுப்பார். நன்மை வாங்குகிறவன் நடுச்சாமத்துக்குமேல் பச்சைத்தண்ணீர்கூட விழுங்கியிருக்கக்கூடாது என்பது சட்டம். ஒரு சமையல்காரனுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று சட்டம் போட்டவர்கள் யோசித்திருக்க நியாயமில்லை.

முதல் தடவை மூன்றாவது மாதத்தில் போயிற்று. துரை வீட்டு விருந்துக்கு வைத்த மிளகுத்தண்ணி. அடுத்த தடவை ஆறாவது மாதம் வரைக்கும் வந்து, கஸ்டர்டில் கவிழ்ந்தது. ஒருமுறை வெறும் சர்க்கரைப் பாகு. நடுவில் ஒரு மாதம் விட்டால் மறுபடி ஒன்றிலிருந்துதான் எண்ண வேண்டும்.

"ருசி பாத்துத் துப்பிட்டா பாதகமில்லப்பா, விழுங்கினாத்தான் ஒருசந்தி முறியும்" என்று சாமியார் சொல்லிப் பார்த்தார்.

"துப்பணும்னு நெனைக்கிறதுக்குள்ள தொண்டை வேலைய முடிச்சிருது சாமி" என்றார் மதலைமுத்து.

பூசை முடிந்து வெளியே வருகிறபோது மரியராஜ் வாசலில் நின்றுகொண்டிருப்பார்.

"இந்த மாசம் என்ன, பட்லரே?"

"கஸ்டர்டு."

"நல்லா இருந்துச்சா?"

மதலைமுத்துவின் மனைவி பிரகாசி கல்யாணத்துக்கு முன்னாலேயே ஒன்பது வெள்ளியையும் ஒரே மூச்சில் முடித்தவள். அதை அவள் அடிக்கடி சொல்லிக் காட்டமாட்டாள், ஆனால் மறந்துவிடவும் விடமாட்டாள். "எனக்கு மோட்சத்துல எடம் போட்டாச்சு. வாசல்ல நின்னு உங்களுக்காகக் காத்திருக்கேன், நீங்க சாம்பார ருசி பாத்துட்டு மெல்ல வாங்க" என்பாள்.

எல்லோரும் சிரித்தார்கள், மதலைமுத்துவும் சேர்ந்து சிரித்தார். ஆனால் அவருக்கு அது சிரிப்பு விஷயமில்லை. அவருக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது மைசூரில் பிளேக் வந்தது. வீட்டில் எலி செத்து விழுந்த மூன்றாம் நாள் அப்பாவுக்கு அக்குளில் கட்டி. ஊருக்கு வெளியே தட்டி கட்டிப் போட்டிருந்த கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பையனை உள்ளே விடவில்லை. சாமியார் ஒருத்தர், கொட்டகைகளோ வரிசை வரிசையாக. அவர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வந்து சேர்வதற்குள் அப்பா போய்விட்டார். ஜெபம் சொல்ல ஆளில்லாமல், எண்ணெய் படாமல், சுண்ணாம்பு தூவிய தரையில் தனியாக. இந்தத் 'தனியாக' என்ற சொல் முப்பது வருஷமாக மதலைமுத்துவின் நெஞ்சில் கிடந்தது. தனக்கு அப்படி ஒரு சாவு வந்துவிடக்கூடாது. அதற்குத்தான் ஒன்பது வெள்ளி.

இந்தத் தடவை பிரகாசி ஒரு வழி கண்டுபிடித்தாள். முதல் வெள்ளி விடியற்காலையில் துண்டை எடுத்து அவர் மூக்குக்குக் கீழே இறுகச் சுற்றிப் பின்மண்டையில் முடிச்சுப் போட்டுவிடுவாள். அந்தக் கோலத்தில் அவர் தேநீர்த் தட்டைத் தூக்கிக்கொண்டு போனபோது துரை திடுக்கிட்டு என்னவென்று கேட்டார். பல்வலி என்று சொன்னால் பொய்யாகிவிடும். "சர்ச், சார்" என்றார் மதலைமுத்து துண்டுக்குள்ளிருந்து. துரை அதற்குமேல் கேட்கவில்லை. அன்றைக்குக் கஞ்சியில் உப்பு இல்லை, அதையும் கேட்கவில்லை. இப்படி எட்டு மாதம் தாண்டியது.

ஒன்பதாவது வெள்ளி நவம்பரில் வந்தது. அதற்குள் கரியப்பனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

கரியப்பன் பங்களாவின் தோட்டக்காரர். ஹனூர்ப் பக்கத்து ஆள், பெண்டாட்டி போய்ச் சேர்ந்து பல வருஷம். வேலைக்காரர்கள் குடியிருக்கும் வரிசையில் கடைசி அறை அவருடையது. அதற்கு முந்தின அறை மதலைமுத்துவின் வீடு. ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்துகொண்டு இரண்டு பேரும் காய்கறிக்காகச் சண்டை போட்டார்கள். கரியப்பன் சீமைக் காய்கறி போடுவதில் கெட்டிக்காரர். நூல்கோல், பீட்ரூட், முட்டைக்கோசு எல்லாம் அவர் கைக்கு வரும். ஆனால் பறிக்க மட்டும் மனசு வராது. மதலைமுத்துவுக்கோ பகல் சாப்பாட்டுக்கு நேரமாகிவிடும்.

"ஏனுங்க பட்லரே, நேத்து இங்க ஒரு கோசு இருந்துச்சே, எங்கீங்க போச்சு? காலு மொளச்சு நடந்துருச்சா?"

"துரை வயித்துக்குப் போச்சுண்ணே."

"ஒரு வார்த்த சொல்லிப்போட்டுப் பறிச்சா உங்க வாயி தேஞ்சா போயிரும்?"

"தோட்டம் துரையோடதுண்ணே. சொல்லணும்னா துரைகிட்டல்ல சொல்லணும்."

"தோட்டம் துரையிதுங்க. செடி என்னுதுங்க. அதுக்கு ராத்திரி எந்திரிச்சு தண்ணி ஊத்துனது துரையா, நானா?"

"சும்னே இருங்க ரெண்டு பேரும்" என்று பிரகாசி உள்ளேயிருந்து கத்துவாள். "ஒரு கோசுக்கு ராஜாங்கமே கூடணுமா?"

தீபாவளிக்கு மாதேஸ்வரன் மலைக்குப் போன கரியப்பன் காட்டுக் காய்ச்சலோடு திரும்பி வந்தார். ஒன்றுவிட்டு ஒரு நாள் காலை ஏழு மணி சுமாருக்குக் குளிர் வரும். வந்தால் கட்டில் ஆடும், பல் கிட்டிக்கொள்ளும். பிறகு உடம்பு கொதிக்கும், பிறகு வேர்த்துக் கொட்டி, துவைத்துப் போட்ட துணியாகக் கிடப்பார். பிரகாசி தண்ணீர் கொடுத்தாள், மதலைமுத்து போய் டிஸ்பென்சரியிலிருந்து காய்ச்சலுக்கான கொய்னாப் பொடியைப் பொட்டலமாக வாங்கி வந்தார். கரியப்பன் அதை நாக்கில் வைத்தவுடன் துப்பினார். "இந்தக் கசப்பு என்னால ஆவாதுங்க. மலையில மாதப்பன் சாமி குடுத்தது, மாதப்பனே எடுத்துக்குவான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்போதுதான் மதலைமுத்து தன் சாமர்த்தியத்தைக் காட்டினார். குருணைக் கஞ்சியைக் குழைய வைத்து, வெல்லம் தட்டிப் போட்டு, ஏலக்காய் நசுக்கி, அதற்குள் பொட்டலத்தைக் கொட்டிக் கலக்கினார். துரைமார் வீட்டு நோயாளிக் குழந்தைகளுக்கு எத்தனையோ மருந்தை இப்படி உள்ளே அனுப்பிய கை.

"என்னங்க இன்னிக்கு வாசம் பலமா இருக்குது?" என்றார் கரியப்பன், கும்பாவை வாங்கிக்கொண்டு.

"ஏலக்காய்ண்ணே. சும்மா கஞ்சிதான். குடிங்க."

முதல் வாய் இனிப்பாகத்தான் போயிற்று. இரண்டாவது வாயில் அடியில் தங்கியிருந்தது வந்துவிட்டது. கரியப்பன் குடித்ததை எல்லாம் கட்டிலுக்கு வெளியே கொட்டினார். கண் பிதுங்க மதலைமுத்துவைப் பார்த்தார். காய்ச்சலில் இருந்த மனுஷன். எதை எதோடு முடிச்சுப் போட்டாரோ தெரியவில்லை.

"ஒரு கோசுக்காகவா?" என்றார். "ஒரு கோசுக்காகவா மனுசனக் கொல்லுவாங்க?"

"அய்யோ அண்ணே, மருந்துண்ணே அது! கொய்னா!"

"சும்மா கஞ்சின்னீங்களே."

மதலைமுத்து குனிந்து தரையில் கொட்டியதைத் துடைத்தார்.

அது புதன்கிழமை. அதற்குப் பிறகு கரியப்பன் அந்த அடுப்பிலிருந்து எதையும் வாங்கவில்லை. பிரகாசி கொடுத்த பானைத் தண்ணீரை மட்டும் குடித்தார். கஞ்சியை அவள் கொண்டுபோனாலும், "அடுப்பு ஒண்ணுதானே அம்மிணி" என்று தள்ளிவிட்டார். வியாழக்கிழமை மதலைமுத்து கூட்டிக்கொண்டு வந்த கம்பவுண்டர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து சொன்னார்: "வெறும் வயிறு, மருந்து நிக்காது. மொதல்ல கஞ்சி உள்ள போகணும். நாளைக்குக் காலைல அடுத்த குளிர் வரும். அதுக்கு முன்ன ஏதாவது எறங்கலேன்னா, இந்த உடம்பு இன்னொரு குளிரைத் தாங்காது. ஊர்ல சொந்தக்காரங்க இருந்தா சொல்லியனுப்புங்க."

ஹனூருக்குச் சொல்லியனுப்பி அவர்கள் வந்து சேர நாலு நாள் ஆகும்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் சாமுண்டி மலை தெரியவில்லை. பனி இறங்கித் தோட்டத்தின் பாதிவரை மூடியிருந்தது. மதலைமுத்து துண்டு கட்டிய வாயோடு பங்களாக் குசினியில் ஓட்ஸ் கஞ்சியைக் கிண்டினார், ரொட்டியை வாட்டினார், தேநீர் வடித்தார். கை இரண்டு தடவை கரண்டியைத் தூக்கியது. துண்டில் இடித்துத் திரும்பியது. துரையின் குதிரை கேட்டைத் தாண்டிய பிறகு துண்டை அவிழ்த்து முகம் கழுவினார். வெள்ளை வேட்டி மாற்றிக்கொண்டு நடந்தால் பூசைக்குச் சரியாக இருக்கும். ஒன்பதாவது. உடம்பு லேசாக இருந்தது. இன்றைக்கு மரியராஜ் வாசலில் நின்று என்ன கேட்பார் என்று பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தபோது பிரகாசி கடைசி அறையின் வாசலில் கும்பாவோடு நின்றுகொண்டிருந்தாள்.

"எழுந்து உக்காந்திருக்காருங்க. தெளிவா இருக்காரு. பசிக்குதுங்குறாரு."

"அப்புறம் என்ன? குடு."

"எங்கிட்ட வாங்கமாட்டேங்குறாரு. உங்களத்தான் கூப்பிடுறாரு."

மதலைமுத்து உள்ளே போனார். கரியப்பன் சுவரில் சாய்ந்து, கம்பளியைத் தோள்வரை இழுத்துப் போர்த்தியிருந்தார். கன்னம் ஒட்டிப்போய், மூக்கு மட்டும் பெரிதாகத் தெரிந்தது. கண் தெளிவாகத்தான் இருந்தது.

"வாங்க பட்லரே. வெள்ள வேட்டியெல்லாம் கட்டிக்கிட்டு எங்கீங்க பொறப்பாடு?"

"கோயிலுக்குண்ணே. கஞ்சியக் குடிங்க, சூடா இருக்கு."

"குடிக்கறன். பசி கொல்லுது. நீங்க மொதல்ல ஒரு மொடக்குக் குடிங்க, அப்பறம் நாங் குடிக்கறன்."

மதலைமுத்து பிரகாசியைப் பார்த்தார்.

"நான் குடிக்கிறேண்ணே" என்று அவள் முந்திக்கொண்டாள். "நான்தான் வச்சது. பாருங்க, இப்பவே குடிக்கிறேன்."

"நீ குடிப்பே அம்மிணி. நீ நல்லவ. உனக்குத் தெரியாம உள்ள என்ன இருக்குதோ? கலக்குனவரு குடிக்கட்டும்."

"இன்னிக்குக் கலக்கலண்ணே. மாதா சத்தியமா."

"அன்னிக்குஞ் சும்மா கஞ்சின்னுதான சொன்னீங்க?"

லஷ்கர் பக்கமிருந்து முதல் மணி கேட்டது. பனியில் மணிச் சத்தம் பக்கத்தில் கேட்கும். மரியராஜ் கயிற்றை இழுத்துத் தொங்குவது கண்ணுக்குத் தெரிந்தது.

பிரகாசி அவரைக் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள். "நீங்க பூசைக்குப் போய்ட்டு வாங்க. வந்து குடிச்சுக் காட்டலாம்."

"நான் வர்றதுக்குள்ள குளிர் வந்துரும். பல்லு கிட்டிக்கிட்டா எங்கேருந்து ஊத்துறது?"

"வாயில வச்சுட்டுத் துப்பிருங்க. சாமியாரே சொல்லிருக்காரே."

"ம்."

"இல்லேன்னா நான் அவருகிட்ட உள்ளத சொல்லிடுறேன். இன்னிக்கு உங்களுக்கு ஒருசந்தி, ஒன்பதாவது வெள்ளின்னு சொன்னா அந்த மனுஷனுக்குப் புரியாதா?"

"சொல்லாதே" என்றார் மதலைமுத்து. "குடிக்காம இருக்க இவன் ஒரு சாக்குச் சொல்றான்னுதான் தோணும். எனக்கே அப்படித்தான் தோணும், அவரு எடத்துல இருந்தா."

உள்ளே திரும்பி வந்தார். கும்பாவைக் கையில் வாங்கினார். துப்பலாம். பிரகாசி சொன்னதில் தப்பில்லை. உதட்டில் வைத்து, வாயில் ஏந்தி, திரும்பி நின்று முற்றத்தில் உமிழ்ந்துவிட்டால் சட்டம் முறியாது.

கரியப்பன் முன்னால் குனிந்து அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "தொண்டக்குழி எறங்கோணும்" என்றார். "நாம் பாக்கோணும்."

மதலைமுத்துவுக்கு அந்த நேரத்தில் பெரிய யோசனை எதுவும் வரவில்லை. கஞ்சி ஆறினால் மேலே ஆடை கட்டும், ஆடை கட்டினால் நோயாளிக்குக் குமட்டும் என்பதுதான் வந்தது. கும்பாவைத் தூக்கி ஒரு வாய் குடித்தார். தொண்டை இறங்கியது.

"இன்னொண்ணு."

இன்னொரு வாய் குடித்தார்.

கரியப்பன் அவர் முகம் சுளிக்கிறதா என்று பார்த்தார். முகம் சுளிக்கவில்லை. ஆனால் நாக்கு சப்புக்கொட்டியது.

"பிரகாசி, உப்பு கம்மி" என்றார் மதலைமுத்து.

பிரகாசி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். சிரிக்கப் போனாளா, அழப் போனாளா என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு சிட்டிகை உப்போடு திரும்பி வந்தாள். கரியப்பன் கும்பாவை இரண்டு கையாலும் வாங்கினார். மதலைமுத்து அடியில் பிடித்துக்கொண்டார். நிறுத்தி நிறுத்தி, மூச்சு வாங்கி, அடிவரை குடித்தார். கடைசியில் இருந்த குருணையை விரலால் வழித்து நக்கினார்.

"இன்னுங் கொஞ்சம் இருக்குதுங்களா?"

"இருக்குண்ணே. கொஞ்ச நேரம் கழிச்சு. ஒரேயடியா வேண்டாம்."

இரண்டாவது மணி அடித்தது. மதலைமுத்து கோயிலுக்குப் புறப்பட்டார். நன்மை வாங்க முடியாது, ஆனால் பூசை பூசைதான்.

அவர் போய்ச் சேர்ந்தபோது பிரசங்கம் இல்லாத வாரநாள் பூசை பாதி நடந்திருந்தது. கடைசி வரிசையில் முழங்காலிட்டார். நடை வேகத்தில் வேர்த்திருந்தது. சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றம் முடிந்து, சின்ன மணி ஒலித்து, ஜனங்கள் வரிசையாக எழுந்து நன்மை வாங்கப் பீடத்துக்கு முன்னாலிருந்த கிராதிக்குப் போனார்கள். பக்கத்தில் இருந்த ரயில்வே ஆபீஸ்காரர் அவருக்கு வழிவிட்டுக் காலை ஒதுக்கினார். மதலைமுத்து வரவில்லை என்று தலையை அசைத்தார். ஆபீஸ்காரர் அவரைத் தாண்டிப் போனார்.

ஒவ்வொரு மாதமும் இந்த நேரத்தில் அவருக்கு அப்பாவின் நினைப்பு வரும். தட்டிக் கொட்டகை, சுண்ணாம்புத் தரை, தனியாகக் கிடக்கும் உடம்பு. இன்றைக்கும் வந்தது. ஆனால் கூடவே வேறொன்றும் வந்தது. அப்பா கொட்டகையில் இரண்டு நாள் உயிரோடு இருந்தார் என்று பிறகு சொன்னார்கள். இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தவனுக்கு யாரோ தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். ஊற்றாமல் இரண்டு நாள் இருந்திருக்க முடியாது. கட்டி கண்ட உடம்பின் பக்கத்தில் யாரோ குனிந்திருக்கிறார்கள், தலையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள், உதட்டில் தகரக் குவளையை வைத்திருக்கிறார்கள். ஆணோ பெண்ணோ. வேதக்காரரோ, சாமுண்டியைக் கும்பிடுகிறவரோ, சாயபோ. பயந்திருப்பார்கள். அவர்களுக்கும் அன்றைக்குப் போகவேண்டிய இடம் வேறு ஏதாவது இருந்திருக்கும். முப்பது வருஷமாக மதலைமுத்து வராத சாமியாரைப் பற்றியே நினைத்திருந்தார். வந்த ஆளைப் பற்றி ஒரு தடவைகூட நினைத்ததில்லை.

பேர் தெரியாத அந்த ஆளுக்காக ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொன்னார். போதவில்லை என்று தோன்றியது. இன்னொன்று சொன்னார். ஜனங்கள் கை குவித்துத் திரும்பி வந்து தங்கள் தங்கள் இடத்தில் முழங்காலிடும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பூசை முடிந்து சாமியார் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். மதலைமுத்து போய், ஒரு நோயாளியிடம் கஞ்சியில் மருந்து இல்லை என்று பொய் சொன்னதாகச் சொன்னார். ஒருசந்தி முறிந்ததைச் சொல்லவில்லை. அதைப் பாவமாகச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

வாசலில் மரியராஜ் மெழுகுவத்தி அணைக்கிற கோலோடு காத்திருந்தார்.

"பட்லரே! ஒன்பதாவது! ஊரெல்லாம் சொல்லி வச்சிருந்தேனே. கிராதிப் பக்கம் பாத்துப் பாத்து என் கழுத்தே சுளுக்கிருச்சு. என்ன, இன்னிக்கு? கேக்கா?"

"கஞ்சி."

"கஞ்சியா? அட பாவி மனுஷா, மிளகுத்தண்ணிக்கு விட்டாலும் ஒரு நியாயம் இருக்கு. கஞ்சிக்கா விட்டீரு?"

"ஆமா."

"அதுவாவது நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு, மரியராஜண்ணே. ரொம்ப நல்லா இருந்துச்சு."

மரியராஜ் அடுத்த கேலிக்கு வாயெடுத்தவர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். ஒன்பதாவதைத் தொலைத்துவிட்டு வந்தவன் முகமாக அது இல்லை. "பாத்துப் போங்க, பனி" என்று மட்டும் சொன்னார்.

மதலைமுத்து திரும்பி வந்தபோது வெயில் வந்து தோட்டம் முழுக்கத் தெரிந்தது. கோசுப் பாத்தியில் இலைகள் நனைந்து கிடந்தன. இரண்டு நாளாக யாரும் தண்ணீர் விடவில்லை, பனிதான் விட்டிருந்தது. கடைசி அறையில் கரியப்பன் கம்பளியைத் தலைவரை இழுத்துக்கொண்டு குறுகிப் படுத்திருந்தார். உதடு நீலம் பாய ஆரம்பித்திருந்தது. பிரகாசி கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டீங்களா?" என்றார் கரியப்பன். "அம்மிணி எல்லாஞ் சொல்லுச்சு."

மதலைமுத்து மனைவியை முறைத்தார். அவள் பாதத்தைத் தேய்ப்பதிலேயே கவனமாக இருந்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாமுங்களே."

"சொல்லிருந்தா நம்பிருப்பீங்களா?"

கரியப்பன் யோசித்தார். "நம்பிருக்கமாட்டன்" என்றார். பிறகு, "அந்த எட்டும் தண்டமாப் போச்சுங்களா?"

"கணக்குல போச்சு. சாமிகிட்ட என்ன தண்டம்?"

"மறுக்காவும் ஒண்ணுல இருந்தா?"

"ஒண்ணுல இருந்துதான்."

கரியப்பன் ஏதோ சொல்லப் போனார். முதல் நடுக்கம் அவர் முதுகில் ஏறியது. பல்லைக் கடித்து அதைத் தாண்டவிட்டு, கம்பளிக்குள்ளிருந்து கையை வெளியே நீட்டினார்.

"அந்தப் பொட்டலம் இருக்குதுங்களா? கொண்டாங்க. எதுலயுங் கலக்கவேண்டாம். கையில குடுங்க."

மதலைமுத்து பொட்டலத்தைப் பிரித்து அவர் உள்ளங்கையில் கொட்டினார். கரியப்பன் அதை ஒரு கணம் முறைத்துப் பார்த்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயில் போட்டார். பிரகாசி தண்ணீரை நீட்டினாள். விழுங்கிய பிறகு அவர் மூஞ்சி போன போக்கைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊர்க் கெட்டவார்த்தை ஒன்றைக் கொய்னாவைக் கண்டுபிடித்தவன் தாய்க்குச் சொல்லி, பெண் இருக்கிற இடம் என்று நினைவு வந்து, "தப்பா எடுத்துக்காத அம்மிணி" என்றார்.

குளிர் முழுதாக வந்தது. கட்டில் தரையில் தடதடத்தது. மதலைமுத்து தன் வீட்டிலிருந்த கம்பளியையும் கோணிப்பையையும் கொண்டுவந்து மேலே போட்டார். அதுவும் போதாமல் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, கம்பளிக்கு மேலாகக் கரியப்பனை இரண்டு கையாலும் அணைத்து, தன் பாரத்தை அவர் மேல் சாய்த்துக்கொண்டார். வெள்ளை வேட்டி கோணிப் புழுதியில் புரண்டது.

பங்களாப் பக்கமிருந்து குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டது. துரை திரும்பிவிட்டார். முட்டையும் ரொட்டியும் மேஜைக்குப் போகவேண்டிய நேரம்.

"தொ... தொர வந்துட்டாருங்க" என்றார் கரியப்பன், பல் அடித்துக்கொள்ள. "கூப்புடுவாரு. நீங்க போங்க."

"கூப்பிடட்டும்" என்றார் மதலைமுத்து. கையை எடுக்கவில்லை.